ஒற்றை நத்தை போதும்

கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணைத் தண்ணீர் பாயும் வயல்களில் நத்தை பொறுக்காத பிள்ளைகள் உண்டா? ஆனால் எல்லா நத்தையும் ஒன்றல்ல. கறிக்கு ஆகும் பெரிய நத்தையான பைலாவில் ஆண் வேறு, பெண் வேறு. ஆட்டுக்கொம்புபோல் தட்டையாகச் சுருண்ட இண்டோபிளனார்பிஸ் நத்தையோ இருபால் உயிரி. ஒரே சுரப்பியில் அண்டமும் உண்டாகும், விந்தணுவும் உண்டாகும். இவ்வகை நத்தைகள் துணையிடமிருந்து பெற்ற விந்தணுக்களில் பெரும்பகுதியை ஒரு பையில் சேர்த்துச் செரித்தே விடுகின்றன. வேடிக்கைதான்! துணையே கிடைக்காவிட்டால், தன் விந்தணுவைக் கொண்டே தன் அண்டங்களைக் கருவுறச் செய்து முட்டையிடும்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? 1933-இல் ராவ் என்னும் ஆய்வாளர் விவரித்த சிஸ்டோசோமா நேசாலே என்ற புழு இந்த நத்தைக்குள் பெருகி, நீரில் வெளிவந்து, மாட்டின் தோலைத் துளைத்து, மூக்கின் இரத்தக் குழாய்களில் தங்குகிறது. மாடு குறட்டை விடுவதுபோல மூச்சுவிடும்.

குளத்து நத்தைகளை ஊர்கூடி ஒருநாள் அள்ளிக் கொட்டுவது வீண்வேலை என்பேன். ஒன்று தப்பினாலும் குளம் மறுபடி நிறையும். அள்ளினால் திரும்பத் திரும்ப அள்ள வேண்டும். அதைவிட, கிணற்று நீரைத் தொட்டியில் நிரப்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம்.