மரபணு அறிவியலின் பயன் யாருக்கு?

புற்றுநோய், அடிப்படையில் மரபணுக்களில் நேரும் பிழைகளால் விளையும் நோய். எந்தப் பிழை என்று அறிந்தால் மருந்தை அதற்கே குறிவைக்கலாம். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில், 9, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் உருவாகும் புரதத்தை இமாடினிப் மாத்திரை முடக்குகிறது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோயுடன் இன்று பலர் நீண்டகாலம் வாழ்கின்றனர்.

ஆனால் அந்த மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் நிர்ணயித்த விலை மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்திய நிறுவனங்கள் அதையே சுமார் 8,000 ரூபாய்க்குத் தந்தன. 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, இடதுசாரிக் கட்சிகளின் நிர்ப்பந்தத்தால் கிடைத்த பாதுகாப்புகளில் 3(டி) பிரிவு முக்கியமானது. அதன் அடிப்படையில்தான் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிசின் கோரிக்கையை நிராகரித்தது. அதே ஆண்டு ஜூன் 13 அன்று, மார்பகப் புற்றுநோயுடன் தொடர்புள்ள மரபணுக்களுக்கு மிரியட் நிறுவனம் பெற்றிருந்த காப்புரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. இயற்கையின் படைப்பு எவருடைய தனியுடைமையும் அல்ல என்பதே அதன் சாரம்.

தடுப்பில் திருவனந்தபுரம் காட்டிய வழி வேறு. மண்டலப் புற்றுநோய் மையம் சார்ந்த ஆய்வாளர்கள் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. பொதுச் சுகாதார ஊழியரின் கண்களும் கைகளுமே போதுமானவையாக இருந்தன.

மரபணு அறிவியல் இந்த அடித்தளத்தின் மேல் எழ வேண்டுமேயன்றி, இதற்கு மாற்றாகிவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடே பரம்பரையாக வருபவை. அத்தகைய குடும்பங்களைக் கண்டறியும் சோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தனியார் ஆய்வகத்தில் மட்டுமே அவை கிடைக்குமானால், முந்திரி ஆலைப் பெண் தொழிலாளியும் மீனவப் பெண்ணும் பட்டியலுக்கு வெளியேதான் நிற்பர்.

பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியை ஒன்றிய அரசு பொதுப் பணத்தில் பதிவு செய்துள்ளது. மக்கள் தந்த இரத்தத்திலிருந்து பிறந்த அந்தத் தரவு, மருந்து முதலாளிகளின் இலாபச் சுரங்கமாகிவிடக் கூடாது. அதிலிருந்து உருவாகும் சோதனைகளுக்கும் மருந்துகளுக்கும் விலைக் கட்டுப்பாடு, தேவைப்படின் கட்டாய உரிமம், பொதுத்துறை உற்பத்தி ஆகியவற்றை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். இதற்காகக் குரலெழுப்புவது உழைக்கும் மக்களின் உயிர் காக்கும் போராட்டமாகும்.