சேமிப்பு மட்டும் போதாது

புதுச்சேரியில் அடிக்கடி கேட்கும் வாதம் இது: ஏழைப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, சேமிக்கப் பழக்கி, சிறுகடன் கொடுத்தால் வறுமை தானே விலகும். தவறு.

1. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையைப் பாருங்கள். அங்கே கல்குவாரிப் பெண்கள் சேமிக்கத் தெரியாததால் ஏழைகளாக இருக்கவில்லை. குவாரி ஒப்பந்ததாரர் கையில் இருந்தது. கூலியை அவர் தீர்மானித்தார்.

2. 1990களின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் ஏறத்தாழ 170 குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டது. 4,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொறுப்பேற்றார்கள். வருமானம் உயர்ந்தது. மாறியது அவர்கள் பழக்கமா, குத்தகைதாரர் பெயரா?

3. ஒப்பந்ததாரர்கள் எதிர்த்தார்கள், அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. குழு மட்டுமே போதுமென்றால், ஒப்பந்ததாரர்கள் ஏன் குத்தகைக்காகப் போராடினார்கள்?

4. இங்கே புதுச்சேரியில் 1898இல் தொடங்கிய ஏஎஃப்டி துணி ஆலை 2020இல் மூடப்பட்டது. ஆலைச் சம்பளம் நின்ற வீட்டில் எதைச் சேமிப்பது? சிறுகடன் வாங்கி ஒரே தெருவில் பத்துக் குழுக்கள் ஊறுகாய் போட்டால் வாங்குவது யார்?

குழுக்கள் வேண்டும். ஆனால் கடனோடு குத்தகையையும், அரசுக் கொள்முதலையும், விற்குமிடத்தையும் கொடுங்கள். அவற்றை மறுத்துவிட்டுப் பெண்களுக்குச் சிக்கனம் போதிப்பது அநீதி.