பருத்த நட்டும் பயிலாத கையும்

ஒருவனது அறிவு நிலை பிறழுமாயின், "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று கூறுவது நம் நாட்டு வழக்கு. மரை கழலுதல் கேடு என்பதை எல்லாரும் அறிவர். கழல வேண்டிய காலத்துக் கழலாத மரையும் அதனினும் குறையாத கேடே என்பதை அறிந்தோர் சிலரே. அச்சிலருள் எளியேனும் ஒருவனாக நேர்ந்த வரலாற்றைக் கூறி, அதனின்றும் யான் பெற்ற கருத்தொன்றை நம் கல்லூரி அன்பர்முன் வைக்க விழைகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசித் திங்களில் ஒரு நாள் இரவு, நண்பர் ஒருவர் நோயுற்ற தம் அன்னையாரைத் திருநெல்வேலிக்குக் காரில் அழைத்துச் சென்றார். துணைக்கு யானும் உடன் சென்றேன். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து பணகுடியை நெருங்குங்கால் பின்சக்கரம் ஒன்று காற்றிழந்தது. மழையோ ஓயவில்லை. ஆயினும் யாங்கள் கலங்கினோமல்லேம். ஸ்டெப்னியிலே காற்று நிறைந்திருந்தது. ஜாக்கியும் ஸ்பேனரும் இருந்தன. குறை யாது? நட்டின்மேல் ஸ்பேனர் நுழையவில்லை! வண்டியோடு வந்த ஸ்பேனர்; அவ்வண்டியின் நட்டு; இரண்டும் ஒன்றையொன்று அறியாதனபோல் நின்றன. அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இரங்கி இறங்கி, சற்றுப் பெரிய சாக்கெட் ஒன்றைச் சுத்தியலால் அறைந்து ஏற்றி, ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்தார். இரண்டு மணி நேரம் கழிந்தது. அதுகாறும் அவ்வன்னையார் சாலையோரத்திலே குடையின்கீழ் அமர்ந்திருந்தார். கல்லூரிப் பட்டம் பெற்ற இருவர் அவர்க்குக் குடை பிடித்தோம். அதற்குமேல் யாதும் செய்ய அறியேம்.

பின்னர் ஆராய்ந்தபொழுது காரணம் விளங்கிற்று. இக்காலத்துக் கார்கள் பலவற்றில் சக்கர நட்டு ஒரே இரும்பால் ஆயதன்று. உள்ளே சாதாரண உருக்கு. மேலே பளபளக்கும் மெல்லிய தகட்டுத் தொப்பி. அத்தொப்பிக்கும் உருக்குக்கும் இடையே மயிரிழையளவு இடுக்கு உண்டு. அவ்விடுக்கிற் புகுந்த நீர் எளிதில் உலர்வதில்லை. நீரும் காற்றும் கூடி உள்ளிரும்பைத் துருவாக்குகின்றன. துருவானது தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைப்பது. ஆதலின் அது தகட்டை வெளிநோக்கித் தள்ளுகின்றது. 19 மில்லிமீட்டர் ஸ்பேனருக்கென அமைந்த நட்டு அரை மில்லிமீட்டர் பருத்தாலும் போதும். 19 நுழையாது, 20 இறுகப் பற்றாது. கண்ணுக்கோ நட்டு புதியதுபோலவே மின்னிக்கொண்டிருக்கும்.

இக்கேடு எங்கும் உள்ளதாயினும், நம் மாவட்டத்தில் அதற்கு இடம் மிகுதி. கடலுப்பு கலந்த ஈரம் மின்னோட்டத்தை எளிதிற் கடத்தித் துருவேறுதலை விரைவுபடுத்துவது. குளச்சல், முட்டம் முதலிய கடற்கரை ஊர்களில் வீட்டுக் கூரையின் காரை பெயர்ந்து உள்ளிருக்கும் கம்பி பல்லிளிப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கும் துருவின் பருமனே காரையைப் பெயர்ப்பது. ஆண்டில் இரு பருவமழை நம்மை நனைக்கின்றன. நம் சக்கரங்கள் பலவும் அலுமினியக் கலவையாலாயவை. உருக்கும் அலுமினியமும் உப்புநீரிற் கூடியிருக்குமாயின், அவை தொடுமிடத்தில் அரிப்பு மிகுந்து சக்கரமே அச்சுமுகத்தோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

உப்பின் வலிமையை அறியப் பாம்பனை நோக்குக. 1914-இல் திறக்கப்பெற்ற அவ்விரும்புப் பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்து, துருவால் நலிந்து, 2022 டிசம்பரில் ரயிலைத் தாங்கும் பணியினின்றும் ஓய்ந்தது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாலத்தைக் கட்டினோர், இணைப்புகளை வெல்டிங் முறையாற் சேர்த்து, பாலிசிலாக்ஸேன் என்னும் காப்புப் பூச்சும் பூசினர். துரு குடிபுகுவது இடுக்கிலே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். குமரிமுனையில் 2000 ஜனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலையோ கல்லாலாயது. அதற்கும் சில ஆண்டுகளுக்கொருமுறை உப்பை நீக்கிக் காப்புப் பூச்சுப் பூசுகின்றனர். கல்லுக்கே காப்பு வேண்டுமெனின், தகடு போர்த்த இரும்பைக் கவனியாது விடுதல் தகுமோ?

ஆகவே யான் வற்புறுத்துவன மூன்று.

முதலாவது, அழகின் பொருட்டுத் தொப்பியிட்ட நட்டை நாம் விரும்பி வாங்குதல் ஒழிக. முழு உருக்காலாய ஒற்றைத்துண்டு நட்டு கிடைக்கின்றது; அதன் விலை பெரிதன்று. மரையின் அளவும் அடிமுகத்தின் வடிவும் நம் சக்கரத்துக்குப் பொருந்துமாறு கேட்டு வாங்குதல் மட்டும் இன்றியமையாதது. ஒரு நட்டு பருத்ததைக் கண்டால் மற்றவற்றையும் மாற்றுதலே அறிவுடைமை.

இரண்டாவது, ஆண்டுக்கு இருமுறையேனும் சக்கரங்களைக் கழற்றி மாட்டுக. நாஞ்சில் நாட்டார்க்கு நாள் குறித்தல் எளிது. கன்னிப்பூ அறுவடைக்கு ஒருமுறை, கும்பப்பூ அறுவடைக்கு ஒருமுறை எனக் கொள்க. மழை ஓய்ந்த காலங்களும் அவையே. அக்காலை மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்து, வண்டிக்குரிய ஸ்பேனர் நுழைகின்றதா என்று பார்த்தல் போதும். கிரீசை அள்ளிப் பூசுதல் தவறு. வழுக்கும் மரையில் அதே முறுக்கு போல்ட்டை மிகுதியாக இழுத்துவிடும். நட்டைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்குக. சிறு கார்கள் பலவற்றுக்கு 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை அமையும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். காற்றுத் துப்பாக்கியால் அளவின்றி இறுக்குவதும், ஸ்பேனரின்மேல் ஏறி மிதிப்பதும் கழற்றுங்காலத்துத் துன்பத்துக்கு இன்றே இடும் வித்தாம்.

மூன்றாவது, நட்டு முன்னரே சிக்கியிருப்பின் பொறுமையே முதற் கருவி. வண்டியை உயர்த்துமுன், சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்பொழுதே தளர்த்துக. துருவிலக்கும் எண்ணெயை மரையிலே படவிட்டுச் சில மணி நேரம் காத்திருக்க. ஆறுமுகச் சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும் கொள்க. பன்னிருமுகச் சாக்கெட் மூலைகளை மழுக்கும். மூலை மழுங்கிய நட்டுக்கென உட்சுருளுடைய சாக்கெட் உண்டு. தீயாற் சூடேற்றுதல் டயரையும் பேரிங்கையும் கெடுக்குமாதலின் அதனைத் தொழில் பயின்றாரிடமே விடுக.

"இவையெல்லாம் மெக்கானிக்கின் வேலையன்றோ? நமக்கேன்?" என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. நாடோறும் அத்தொழில் செய்வான் கை நம் கையினும் திருந்தியது. கடினமான வேலையை அவனிடம் விடுதலே முறை. ஆனால் சக்கரம் காற்றிழக்குமிடம் ஒர்க்‌ஷாப் வாயில் அன்று. கணவாயிலும், கடற்கரைச் சாலையிலும், நள்ளிரவிலுமே அது நேர்கின்றது. மேலும், பருத்த நட்டைக் கண்டறிதற்குத் தொழிற்றிறம் வேண்டா. ஸ்பேனரை எடுத்து ஒருமுறை வைத்துப் பார்க்கும் மனமே வேண்டும். அம்மனம் நமக்கு இல்லாமற்போனது ஏன்? எண்ணெய் படிந்த கை படித்தவனுக்கு இழுக்கு என்னும் பொய்ம்மையை நாம் இன்னும் முற்றும் விட்டோமல்லேம். இரும்பு துருப்பிடிக்கும் வினையைத் தேர்வுத்தாளிற் பிழையின்றி எழுதும் மாணவன், தன் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியில் அவ்வினை நடப்பதை அறியானாயின், அக்கல்வியும் தொப்பியிட்ட நட்டே அன்றோ? வெளியே மின்னுகின்றது; வேண்டும்பொழுது திரும்புவதில்லை.

சுசீந்திரத்தில் மார்கழித் தேர் ஓடுதற்கு முன்னரே சக்கரத்தையும் அச்சையும் சோதித்துக்கொள்ளுதல் முறை. வடம் பிடித்தபின் அச்சாணியைத் தேடுவார் இலர். நம் வீட்டுத் தேருக்கும் அம்முறை வேண்டும். மாணவத் தோழர்களே, இவ்விடுமுறையில் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டு, உங்கள் வீட்டு வண்டியின் நட்டுக்களை உங்கள் கையாலேயே கழற்றி மாட்டுங்கள். கை சற்றுக் கறுக்கும்; சோப்பிட்டால் போய்விடும். மழையிரவில் ஒரு முதியவரைச் சாலையோரத்தே இருத்திய நினைவு எதனால் கழுவினும் போவதில்லை.