ஆய்வேட்டை முதல் ஆண்டிலேயே எழுதுங்கள்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவர்களில் பலர், முதலில் படித்து முடித்துவிடலாம், கடைசி ஆண்டில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஆய்வுகள் இழுத்துக்கொண்டே போவதற்கு இந்த நினைப்புதான் முதல் காரணம் என்பேன். ஒரு கட்டுரையை வாசித்தால் அன்றைக்கே அரைப்பக்கம் எழுதிவிடுங்கள். ஆசிரியர் சொல்வது என்ன, எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறார், உங்களுக்கு எங்கே உடன்பாடில்லை என்று உங்கள் சொற்களில் எழுதுங்கள். பக்க எண்ணை விட்டுவிடாதீர்கள். இந்த அரைப்பக்கங்கள் சேர்ந்துதான் பின்னால் இயல்களாக வளரும். சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் துறையில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, முன்னுரையிலிருந்து துணைநூற்பட்டியல் வரை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் உங்கள் பணியை விளக்க வேண்டும். கையெழுத்துக்கான சடங்காக அதைக் கழித்துவிடுவது பெரும் இழப்பு. நெறியாளர் ஓய்வு பெறலாம், வேறு ஊருக்குப் போகலாம். உங்கள் ஆய்வை அறிந்த இன்னும் இரண்டு பேராசிரியர்கள் அந்தக் குழுவில்தான் கிடைப்பார்கள். எழுதிய இயலைக் கொண்டுபோங்கள், குறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அதே விதிகள் பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும், ஆய்வை முடிக்க 2 ஆண்டு கூடுதல் அவகாசமும் தருகின்றன. அது சலுகை அல்ல, உங்கள் உரிமை. தயங்காமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.