பார்த்து வரைந்தால் தப்பா?

கொல்லிமலையில் எடப்புளி நாடு இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளைக்கு மனித முகம் வரையும் ஆசை வந்தால், யாரிடம் போய்ப் படிப்பது?

கவின் கலைக் கல்லூரிக்குப் போகலாம். அதற்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ பயணப்பட வேண்டும். அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம். இன்றைக்கு ஒரு வழி இருக்கிறது. பெரிய ஓவியரின் படத்தை எதிரே வைத்து, அதைப் பார்த்து அப்படியே வரைவதுதான் அந்த வழி.

"பார்த்தா வரைகிறாய்? சொந்தமாக வரையத் தெரியாதா?" என்று பெரியவர்கள் அதட்டுகிறார்கள். பரீட்சையில் காப்பி அடிப்பதையும் இதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அது தவறு.

ரவிவர்மாவின் கதையைக் கேளுங்கள்.

அவர் 1848-ல் கிளிமானூரில் பிறந்தவர். 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். எண்ணெய் வண்ணம் தீட்டும் வித்தை, அங்கே ராமசாமி நாயக்கர் என்ற ஓவியருக்குத் தெரியும். அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார்! அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவு நேரத்தில், யாருக்கும் தெரியாமல் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள்.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர், மன்னரின் படம் வரைய வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. தாம் வரையும்போது பார்க்க மட்டும் அனுமதித்தார்.

ரவிவர்மா பார்த்தார். கண்ணில் வாங்கியதைக் கையில் பழகினார். 5 ஆண்டுகள் சென்றன. 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். தலையில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படம் அது. அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு கிடைத்தது.

ஆரம்பக்காரர்தான் பார்த்து வரைவார் என்று எண்ண வேண்டாம். ரூபன்ஸ் என்ற ஓவியர் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றவர். 50 வயதைத் தாண்டி, 1628-ல் மாட்ரிட் போன அவர், அரண்மனையில் இருந்த டிஷியனின் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்.

இதில் என்ன லாபம்? உயிருள்ள முகம் அசையும், சிரிக்கும், வெளிச்சம் மாறும். படம் அசையாது. பொறுமையாகப் பார்க்கலாம். பழகாத கை, கண்ணைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வைக்கும். அளந்து பார்த்தால், உச்சிக்கும் மோவாய்க்கும் நட்டநடுவில் கண் இருக்கிறது! மூக்குக்கு ஓவியர் கோடே போட்டிருக்கமாட்டார். நிழலை வைத்தே நிறுத்தியிருப்பார். இதை வாயால் சொன்னால் பிள்ளைக்குப் புரியாது. ஒரு முறை வரைந்தால் புரியும்.

முதலில் பென்சில் போதும். படத்தின் மேல் கட்டம் போட்டு, தாளிலும் அதேபோல் கட்டம் போட்டுக்கொள்ளலாம். வண்ணத்துக்கு அவசரம் இல்லை.

ஒரு கண்டிப்பு உண்டு. பாரிசின் லூவர் மியூசியத்தில் இன்றும் உட்கார்ந்து நகல் எடுக்க விடுகிறார்கள். ஆனால், மூலப்படத்தின் அதே அளவில் வரையக் கூடாது. ஓவியரின் கையெழுத்தையும் போடக் கூடாது. நம் பிள்ளைகளும், "ரவிவர்மா படத்தைப் பார்த்து வரைந்தது" என்று அடியில் எழுதட்டும்.

நாலைந்து நகல் ஆன பிறகு படத்தை மூடி வைத்துவிட்டு, திண்ணையில் இருக்கும் பாட்டிக்கு எதிரே போய் உட்காரட்டும். பாட்டி ஆடாமல் அசையாமல் இருக்கமாட்டாள். வெற்றிலை போடுவாள், பேசுவாள். பரவாயில்லை, வரையட்டும்.