தாத்தாவின் தட்டில் கீரை எங்கே?

பிள்ளைக்குச் சொட்டு மருந்து உண்டு. பெரியவருக்கு என்ன உண்டு? தருமபுரி மாவட்டத்து உழைப்பாளர் முன் இந்தக் கேள்வியை வைக்கிறோம்.

மாலைக்கண்ணையும் பார்வை இழப்பையும் தடுக்க, 1970 முதல் குழந்தைகளுக்கு வைட்டமின் 'ஏ' மருந்து தரப்படுகிறது. நல்ல திட்டம், வாழ்த்துகிறோம்! ஆனால் கல் உடைத்துக் கிணறு வெட்டிக் கழனி திருத்தியவர் அறுபதைத் தாண்டியதும் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறாரே! 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு இரத்தத்தில் இந்தச் சத்தை அளந்தது. 19 வயதோடு நின்றுவிட்டது. கிழவனுக்கு இரத்தம் இல்லையா?

கிழவருக்கும் அதே மருந்தை ஊற்றச் சொல்லவில்லை. இந்தச் சத்தைச் சேமிக்கும் குதிர் கல்லீரல். குதிர் வற்றும்வரை இரத்தத்தில் அளவு குறையாது. ஆகவே அந்த அளவு ஒன்றை மட்டும் பார்த்து நிறைவு என்று சொல்லிவிட முடியாது. முதுமையிலோ மிகுதியானது உடலைவிட்டு மெல்லத்தான் கழியும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை வாங்கி விழுங்கினால் ஈரலும் எலும்பும் கெடும். கீரையிலும் மாம்பழத்திலும் பப்பாளியிலும் உள்ளதை உடல் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும். அதில் அந்த அபாயம் இல்லை.

கேழ்வரகுக் களியில் சுண்ணாம்புச் சத்து உண்டு. வைட்டமின் 'ஏ' அரிது. அதனால்தான் களிக்குத் துணையாகக் கீரைக் கடைசல் வந்தது. பல்லில்லாதவரும் விழுங்கலாம். இரண்டு சொட்டு எண்ணெய் சேர வேண்டும். கொழுப்பின்றி இச்சத்து உடலில் ஒட்டாது. ஆனால் மகன் பெங்களூருக்கும் மருமகள் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்ட வீட்டில், கீரை ஆய்ந்து கடைந்து தர யார் இருக்கிறார்கள்? களியும் ஊறுகாயும்தான் மிச்சம். மாவட்டத்து மாம்பழம் லாரி ஏறிப் போகிறது; தோப்பில் உழைத்தவர் வாசம் பிடித்ததோடு சரி!

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், நாளுக்கு 40. அதில் 80 வயதுக்குட்பட்டவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200. நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை! ஏழு ரூபாயில் கீரை வாங்குவதா, எண்ணெய் வாங்குவதா? அந்தப் பங்கை உயர்த்து என்று கேட்பது பிச்சையல்ல, உழைத்தவனின் உரிமை!

தோழர்களே! தனித்திருக்கும் முதியவர் வாசலில் ஒரு முருங்கைக் கொம்பை நடுங்கள். கண் மங்கியவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். புரை கீரையால் நீங்காது, அறுவையால் நீங்கும். அடுத்த ஆய்வில் முதியோரையும் அளக்கச் சொல்லி ஊர்தோறும் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

நம்மைத் தோளில் சுமந்து உலகைக் காட்டியவர்களின் கண் இருளலாமா?