ஒரு சீட்டும் இரண்டு விமானமும்

பிரளய காலத்தில் கடலுக்குள் ஆழ்ந்துபோன பூமியைத் தூக்கி வந்து காப்பாற்றியவர் வராகப் பெருமாள். அவர் பூவராக ஸ்வாமியாக எழுந்தருளியிருக்கும் ஸ்ரீமுஷ்ணத்தில் இன்று பூமியைத் தூக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பிள்ளையையும் அவனுடைய முப்பது கிலோ மூட்டையையும் பத்திரமாகக் கடல் கடந்து தூக்கிச் செல்ல எந்தக் கம்பெனியை நம்புவது என்ற கவலைதான் பல குடும்பங்களுக்கு இருக்கிறது. அந்தக் கவலையைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ரயில் நிலையம் கிடையாது. விமான நிலையத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விருத்தாசலம் சென்று ரயிலேறித் திருச்சிக்கோ சென்னைக்கோ போய்ச் சேர வேண்டும். ஆயினும் காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை, சிதம்பரம், பரங்கிப்பேட்டை என்று இந்த வட்டாரம் முழுவதிலும் சிங்கப்பூரும் மலேசியாவும் அரபு நாடுகளும் அடுத்த தெருவைப் போலப் பழகிவிட்டன. ஒரு தலைமுறைக்கு முன்னால் இதற்கெல்லாம் கப்பல் இருந்தது. நாகப்பட்டினத்தில் 'ராஜூலா'வில் ஏறியவர்களின் கதைகள் இன்னும் திண்ணைகளில் வழங்குகின்றன. பிறகு நம் ஊர்ப் பெயரையே தாங்கி 'எம்.வி. சிதம்பரம்' ஓடிற்று. 1985-ஆம் வருஷம் நேர்ந்த தீ விபத்தோடு அந்தக் கப்பல் யாத்திரையும் முடிந்தது. அதற்குப் பின் ஆகாயம் ஒன்றே வழி.

விமானக் கம்பெனி என்றால் விமானமும் விமானியும் இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதற்கு மூன்று கால்கள் உண்டு. பிரயாணி ஒரு கால்; வரும்படி ஒரு கால்; மற்றக் கம்பெனிகளோடு கொள்ளும் கூட்டுறவு மூன்றாவது கால். முக்காலியில் ஒரு கால் குட்டையானால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நம் தேசத்து விமானப் போக்குவரத்து பிறந்ததே கூட்டுறவில்தான். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கராச்சி வரை தபாலைக் கொண்டுவந்து போட்டுவிடும். அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் யார் கொண்டு வருவது? சர்க்கார் மானியம் தர மறுத்தது. மானியமே வேண்டாம், சுமக்கும் தபாலின் எடைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்றார்கள் டாடாவினர். 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாடா ஒரு சிறு 'பஸ் மாத்' விமானத்தைக் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸெண்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். முதல் வருஷத்தில் பிரயாணம் செய்தவர்கள் 155 பேர். லாபம் 60,000 ரூபாய். இந்த லாபத்தைப் பெரும்பாலும் கொடுத்தவை மனிதர்கள் அல்ல, கடிதங்கள்! அந்தக் கடிதங்களையும் கராச்சி வரை இன்னொருவர் கொண்டுவந்து தந்ததனால்தான் டாடாவுக்குச் சுமை கிடைத்தது.

இன்று கடிதம் போய் மனிதன் வந்துவிட்டான். முறை மட்டும் அதேதான். ஒரு கம்பெனி தன்னிடம் இல்லாத ஊருக்கும் சீட்டு விற்கிறது. பாதி வழி தானும் மீதி வழி மற்றவனுமாகப் பிரயாணியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். சில சமயம் ஒருவருடைய விமானத்துக்கு மற்றவர் தம் எண்ணையும் இட்டு விற்பதுண்டு. வாங்கிய பணத்தைத் தூரத்தையும் ஒப்பந்தத்தையும் அநுசரித்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கைத் தீர்ப்பதற்கென்றே உலக விமானக் கம்பெனிகளின் சங்கம் 1947-இல் ஒரு தீர்வகம் ஏற்படுத்திற்று. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கழித்துப் பார்த்து, மிச்சத்தை மட்டும் கைமாற்றுவார்கள்.

இது நம்மவர்க்கு விளங்காத விஷயம் அன்று. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அங்கே முஸ்லிம் சகோதரர்கள் மரியாதை செய்து வரவேற்கிறார்கள். தம் எல்லைக்கு வெளியே செல்லும்போது அங்குள்ளவர்கள் தம்மவர்போல உபசரிக்கும் இந்த நல்லுறவுதான் விமானக் கூட்டுறவின் தர்மமும்.

ஆனால் எல்லாக் கூட்டும் நல்ல கூட்டு அல்ல. வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906-இல் பிறந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அது கப்பல் விட்டபோது, வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கிற்று. அதுவும் போதாமல் இனாமாகவே ஏற்றிக்கொண்டு, ஏறியவனுக்குக் குடையும் கொடுக்க முன்வந்தது. குடை பெற்றவன் மகிழ்ந்தான். சுதேசிக் கம்பெனி மழையில் நின்றது. மலிவு என்ற ஒன்றை மட்டும் பார்த்துச் சீட்டு வாங்குகிறவர்கள் இந்தக் குடையை மறக்கலாகாது.

அண்மைக் காலத்திலும் பாடங்கள் உண்டு. இலங்கையின் விமானக் கம்பெனியை 1998 முதல் பத்து வருஷம் எமிரேட்ஸ் கம்பெனி பங்குதாரராக இருந்து நடத்திற்று. 2008-இல் அந்த உறவு முறிந்தது. அதன் பின் இலங்கைக் கம்பெனிக்குப் பெரும் நஷ்டம் ஏற்பட்டது. 2014-இல் 'ஒன்வேர்ல்டு' கூட்டணியில் சேர்ந்தும் கடன் தீரவில்லை. நம் நாட்டு ஜெட் ஏர்வேஸில் 2013-இல் அபுதாபியின் எதிஹாத் 24 சதவிகிதப் பங்கு வாங்கிற்று. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் தரையிறங்கிவிட்டது. செல்வந்த வீட்டுச் சம்பந்தம் கிடைத்துவிட்டால் மட்டும் குடும்பம் நடந்துவிடாது. அடுப்பு எரிய வேண்டியது நம் வீட்டில் அல்லவா?

சொந்தக் கம்பெனி என்பதனாலேயே சுபிட்சம் வந்துவிடும் என்பதும் இல்லை. 1953-இல் தேச உடைமையான ஏர் இந்தியா, 2007-இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்கப்பட்ட பிறகு ஆண்டுதோறும் நஷ்டக் கணக்கே காட்டிற்று. அந்த நஷ்டத்தை ஈடு செய்தது விமானத்தையே பார்த்திராத உழவனின் வரிப்பணம். 2022 ஜனவரியில் அது மறுபடி டாடா கைக்குப் போயிற்று. 2024 நவம்பரில் விஸ்தாரா அதனோடு சேர்ந்தபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 25.1 சதவிகிதப் பங்கு கிடைத்தது. பணமும் அநுபவமும் வெளியிலிருந்து வரட்டும், ஆட்சேபமில்லை. நம் பிரயாணியை நம் ஊரிலிருந்து ஏற்றிச் செல்கிறார்களா என்பதே நமது கேள்வி.

திருச்சியை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டுக்குப் போகிறவர்களைவிட வெளிநாட்டுக்குப் போகிறவர்களே அதிகமாயுள்ள விசித்திரமான நிலையம் அது. 2024 ஜனவரியில் புதிய கட்டடமும் திறந்தாயிற்று. ஆனால் எந்த நாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம் என்பது சர்க்கார்களுக்கிடையே செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வளைகுடா நாடுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் திருச்சியையும் சேர்க்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தார் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறார்கள். சேர்த்தால் அந்நியக் கம்பெனி வந்து நம் கம்பெனியின் வரும்படியைக் கொண்டுபோகும் என்பது மறுபக்கத்து வாதம். இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சுதேசிக் கம்பெனி போதிய விமானம் விடாமலும், பிறரை விடக்கூடாது என்றும் சொன்னால், அதற்குப் பெயர் சுதேசியம் அன்று, ஏகபோகம். அதற்கான கூலியைக் கட்டுகிறவன் கட்டட வேலைக்குப் போகும் ஏழைப் பையன்.

அந்தப் பையனுக்கு நேரக்கூடிய கஷ்டத்தைப் பாருங்கள். தாயாரின் வளையலை அடகு வைத்துப் பயணச் சீட்டு வாங்குகிறார்கள். இரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகிறது என்று இரண்டு கம்பெனிகளில் இரண்டு தனிச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். முதல் விமானம் மூன்று மணி தாமதமாகிறது. இரண்டாவது விமானம் அவனுக்காகக் காத்திராது. "குறித்த நேரத்தில் வராதவர்" என்று எழுதி விஷயத்தை முடித்துவிடுவார்கள். சீட்டும் போயிற்று, பணமும் போயிற்று. ஒரே சீட்டாக இருந்தால், முதல் கம்பெனியின் தாமதத்தால் தவறிய பிரயாணியை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு கம்பெனிகளைச் சார்ந்தது. மிச்சம் பிடித்த இரண்டாயிரம் என்ன விலையானது என்று பார்த்தீர்களா?

ஆகையால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் குடும்பத்தார் சீட்டு விற்கிறவரிடம் மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. இது முழுவதற்கும் ஒரே சீட்டா, அல்லது தனித்தனியா? சீட்டில் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தாலும் மெய்யாக விமானம் ஓட்டுகிறவர் யார்? பெட்டிக்கு ஒட்டும் துண்டில் கடைசி ஊரின் பெயர் இருக்குமா, அல்லது நடுவழியில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போவதே விவேகம்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. ஒப்பந்த மேஜையில் உட்காரும்போது கம்பெனிகளின் வரவு செலவுப் புத்தகம் மட்டும் திறந்திருந்தால் போதாது. அடகுக் கடையின் புத்தகத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்ப்பார்களாக.